ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு கட்ட அனுமதி: மனுப் போடுவது முதல் நியாயமான பதில் வாங்குவது வரை

பாம்பன் தீவிலும் மண்டபம், கீழக்கரைப் பக்கமும் வீட்டு வரைபட அனுமதிக்கு அலைபவர்களோடு சில வருஷமாக நானும் சேர்ந்து அலைகிறேன். முதலில் என் வீட்டுக்கு, அப்புறம் சொந்தக்காரர்களுக்கு, இப்போது தெரிந்தவர்கள் யார் கூப்பிட்டாலும். பார்த்தவரையில், ஒரே மாதிரி இரண்டு மனுக்களில் ஒன்று மூன்று வாரத்தில் முடிவதற்கும் இன்னொன்று எட்டு மாதம் கிடப்பதற்கும் காரணம் சட்டப் புத்தகத்தில் இருப்பதில்லை. "அப்புறம் வாங்க", "மேலே கேட்டுட்டுச் சொல்றோம்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வாயால் சொன்னதை எந்த மேலதிகாரியிடமும் எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படிக்கும் ஒரே நோக்கம்தான்: உங்கள் மனு எந்த விதியின்படி, எந்தத் தேதியில், யாரால் பார்க்கப்பட்டது என்பது காகிதத்தில் நிற்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

1. யாரிடம் மனு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் நகராட்சிகள். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், தேவிபட்டினம், வாலிநோக்கம் எல்லாம் ஊராட்சிகள். தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் வருவாய்க் கிராமத்தின் பெயர் ஒன்றாகவும் ஊராட்சியின் பெயர் வேறாகவும் இருக்கும் இடங்களில் பத்திரத்தில் இருப்பதைப் பார்த்து மனுப் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து "இது எங்கள் எல்லை இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வரி ரசீது எந்த உள்ளாட்சி பெயரில் வருகிறதோ அதுதான் உங்கள் அலுவலகம். காலி மனை என்றால் பக்கத்து வீட்டு ரசீதைப் பாருங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒருமுறை கேளுங்கள்.

முடிவெடுக்கும் அதிகாரம் இன்று யார் கையில் என்பதையும் கேட்டு வையுங்கள். நம் மாவட்டத்தில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அது தெரியாமல் பழைய தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றவர்கள் உண்டு. பதவியில் இல்லாதவரின் வாக்குறுதியால் உங்கள் மனு ஒரு அங்குலம்கூட நகராது.

2. கடலிலிருந்து எவ்வளவு தூரம்: பொறியாளரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே

இதைக் கடைசிக்கு விடுபவர்கள்தான் அதிகம். வரைபடம் போட்டு, பணம் கட்டி, கல் இறக்கிய பிறகு "இது கடலோர ஒழுங்குமுறை மண்டலம்" என்று கேள்விப்பட்டால் மனசு உடைந்துவிடும்.

உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தில் கடல் நீர் எட்டும் கோட்டிலிருந்து, நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம். ஊராட்சிப் பகுதிகளில், ஒன்றிய அரசின் 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி கடல் முகப்பில் முதல் 200 மீட்டர், கட்டுமானத்துக்கு இடமில்லாத பகுதி. 200 முதல் 500 மீட்டர் வரை, பாரம்பரியமாகக் குடியிருக்கும் ஊர்களில் வீடு கட்டலாம். தரைத்தளமும் ஒரு மாடியும், 9 மீட்டர் உயரத்துக்குள். 2019 அறிவிப்பு இதைக் கொஞ்சம் மாற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊர்களில் அந்தத் தடைப் பகுதி 50 மீட்டர், மற்ற ஊர்களில் பழையபடி 200 மீட்டர். அதே அறிவிப்பில், 300 சதுர மீட்டருக்குள் சொந்தக் குடியிருப்பு என்றால் உள்ளாட்சியே கடலோர விதிகளைப் பார்த்து அனுமதிக்கலாம், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை வேண்டியதில்லை என்றும் இருக்கிறது.

ஆனால் 2019 அறிவிப்பு தானாக நடைமுறைக்கு வந்துவிடாது. அதன்படி திருத்திய கடலோர மண்டல வரைபடத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த பிறகே அது பொருந்தும், அதுவரை 2011 அறிவிப்புதான். நியாயம் என்ற பேச்சே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவருக்கு 50 மீட்டர் என்றும் இன்னொருவருக்கு 200 மீட்டர் என்றும் சொல்ல எந்த அலுவலகத்துக்கும் உரிமை இல்லை. "என் சர்வே எண்ணுக்கு எந்த அறிவிப்பை, எந்த வரைபடத் தாளை வைத்துப் பார்க்கிறீர்கள்?" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துப் பதில் வாங்குங்கள். மாவட்ட அளவில் இதற்கென்று ஆட்சியர் தலைமையில் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம்.

தூரத்தை நீங்களே அளந்து நம்பிவிடாதீர்கள். வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் கடல் ஆழம் குறைவு, தண்ணீர் நன்றாக உள்வாங்கும். அங்கே ஒரு பையன் காலையில் தண்ணீர் விளிம்பில் பைக்கை நிறுத்திவிட்டு அங்கிருந்து டேப் பிடித்து 230 மீட்டர் என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்தான். வரைபடத்தின் கோட்டிலிருந்து கணக்குப் பார்த்தால் 160-தான் வந்தது. அன்றைக்குத் தண்ணீர் நிற்கும் இடம் கணக்கில்லை, வரைபடத்தில் குறித்த உயர் அலைக் கோடுதான் கணக்கு.

முகத்துவாரம், கழிமுகப் பக்கம் இருப்பவர்கள் கடல் தூரத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைக் கரைக்கும் தனி அளவு உண்டு: 2011-இன்படி 100 மீட்டர், 2019-இன்படி 50 மீட்டர், ஓடையின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலம். காரங்காடு மாதிரி அலையாத்திக் காடு இருக்கும் இடத்தில், காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் அதைச் சுற்றி 50 மீட்டர் தாங்கு பகுதியும் சேரும். உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானதளம் இருப்பதால் உயரக் கட்டுப்பாடு உண்டா என்பதை மாடி வரைவதற்கு முன் கேளுங்கள். நகராட்சிக்குள், வளர்ந்த நகரப் பகுதி என்று வகைப்படுத்திய இடங்களில், ஏற்கனவே இருக்கும் சாலைக்கோ அங்கீகாரம் உள்ள கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம்.

3. பழைய வீட்டை இடிக்காதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும். தடைப் பகுதிக்குள்ளேயே முறையாக இருக்கும் பழைய வீட்டை, இருக்கிற அடிப்பரப்புக்குள் மராமத்துப் பார்க்கவோ திருப்பிக் கட்டவோ விதியில் இடம் இருக்கிறது. வீடு அங்கே இருந்தது என்பதுதான் உங்கள் உரிமைக்கே ஆதாரம். அதை முதலில் இடித்துத் தள்ளிவிட்டு மனுப் போட்டால் அலுவலகத்தின் கண்ணுக்கு அது காலி மனை, நீங்கள் புது வீடு கேட்பவர். ஒரு மீனவக் குடும்பம் நல்ல நாள் பார்த்து ஓட்டைப் பிரித்து, பக்கத்தில் தார்ப்பாய் கட்டி ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகு, யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், சுவரோடு டேப்பை வைத்து அளவு தெரிகிற மாதிரி. பழைய வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, ரேஷன் அட்டை என அந்த முகவரி உள்ள எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

4. பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்

மனு திரும்புவதற்கு அடுத்த பெரிய காரணம் இது. தாய்ப் பத்திரம், உங்கள் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஐந்தையும் ஒரு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு நான்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பட்டாவில் பரப்பு ஏரில் இருக்கும், பத்திரத்தில் சென்டில் இருக்கும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் மனுவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

கூட்டுப்பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகு மனுப் போடுங்கள். அண்ணன் தம்பிக்குள் இன்று சண்டை இல்லாமல் இருக்கலாம். நாளைக்கு ஒருவர் ஆட்சேபக் கடிதம் கொடுத்தால் போதும், கோப்பு நின்றுவிடும், அதில் அலுவலகத்தைக் குறை சொல்லவும் முடியாது. யூ.டி.ஆர். காலத்தில், அதாவது அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த காலத்தில், தாத்தா பெயர் தவறாக ஏறியிருந்தால் அதை வருவாய்த் துறையில் தனியாகத் திருத்த வேண்டும், இந்த மனுவோடு சேர்த்துக் கேட்டால் இரண்டும் கெட்டுவிடும்.

மனை வாங்கிப் போட்டவர்கள், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்திய ஆணை வேண்டும். கண்மாய், ஊருணி, கடற்கரைப் புறம்போக்கு என்று அரசுப் பதிவேட்டில் இருக்கும் இடத்துக்கு எந்த வரைபடம் போட்டாலும் அனுமதி வராது. வரும் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

சபரில் (வெளிநாட்டில்) இருப்பவர்கள் ஊரில் உள்ளவருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பும்போது அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். பெட்டியில் வைத்து ஆறு மாதம் கழித்து எடுத்தால் அங்கேயே தடங்கல்.

5. மனுப் போடும் நாள்

2,500 சதுர அடிக்குள் மனை, அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட், அதில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ ஒரு மாடியோ, 7 மீட்டருக்குள் உயரம் (2024 ஜூலையில் இருந்த வரம்புகள் இவை) என்றால் அப்போது வந்த சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனடியாக அனுமதி எடுக்கலாம். கடலிலிருந்து நன்றாகத் தள்ளி, வில்லங்கம் எதுவும் இல்லாத மனைக்கு இது நல்ல வழி. கடலோர மண்டலத்துக்குள் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். விதிப்படி இருக்கிறது என்று உறுதி சொல்வது நீங்கள்தான், அது தவறென்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும், அப்போது கட்டி முடித்த வீட்டோடு நிற்பீர்கள்.

மற்றவர்கள் பதிவு பெற்ற பொறியாளர் மூலம் வழக்கமான மனுவே போடுங்கள். வரைபடம் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும். பக்க இடைவெளி, சாலை அகலம், மழைநீர் சேகரிப்பு மூன்றும் தாளில் தெளிவாகத் தெரிகிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.

முக்கியமான ஒன்று. கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பொறியாளர்கள் வசதிக்காகத் தங்கள் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள், குறைபாடு அறிவிப்பு அவருக்குப் போகும், அவரோ பத்து வீட்டு வேலையில் இருப்பார், நீங்கள் "இன்னும் பதில் வரலையே" என்று காத்திருப்பீர்கள், அலுவலகத்தில் கேட்டால் "நாங்கள் எப்போதோ அனுப்பிவிட்டோம்" என்பார்கள், அவர்கள் சொல்வதும் சரிதான். விண்ணப்ப எண், கட்டண ரசீது, பதிவேற்றிய ஒவ்வொரு தாள் என எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். அந்த விண்ணப்ப எண்ணும் தேதியும்தான் இனி உங்கள் பிடி.

6. கூடுதலாக ஏதாவது கேட்டால்

குறைபாடு சொல்வது தவறில்லை. ஒவ்வொன்றாக, மாதம் ஒன்றாகச் சொல்வதுதான் தவறு. முதல் குறையைச் சரிசெய்து கொடுக்கும் கடிதத்திலேயே, "வேறு குறைகள் இருந்தால் அனைத்தையும் ஒரே அறிவிப்பில், விதி எண்ணோடு தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். பதிலையும் அவர்கள் கேட்ட வரிசையிலேயே எண் போட்டு எழுதுங்கள். கோப்பைப் பார்ப்பவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிய வேண்டும்.

இன்னொன்று நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது. ஊர்க் கமிட்டி கடிதம், ஜமாத் கடிதம், சர்ச் கடிதம் வாங்கி வா என்பார்கள். பெண் பெயரில் பட்டா இருந்தால் வீட்டு ஆண் ஒருவரின் கையெழுத்து கேட்பார்கள். விதிகளில் உள்ள ஆவணப் பட்டியலில் இப்படி எதுவும் கிடையாது. ஊரோடு ஒத்துப் போகாத குடும்பம், வேறு சாதி, வேறு மதம், தனியாக இருக்கும் பெண் ஆகியோரின் மனுக்கள் இந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் நிற்கின்றன. எனக்கு இந்த வேலையில் மிகவும் வலிக்கிற இடம் இது.

கடற்கரைக் குடியிருப்பில் கணவரை இழந்த ஒரு அக்காவின் மனு ஊர்க் கடிதத்துக்காக நான்கு மாதம் கிடந்தது. ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். விண்ணப்ப எண், தேதி, "ஊர்க் கமிட்டி கடிதம் எந்த விதியின்படி தேவை என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்ற ஒரே கேள்வி. கவுன்ட்டரில் இருந்தவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார், உள்ளே போய் வந்தார், நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். அடுத்த வாரம் வந்த அறிவிப்பில் ஊர்க் கடிதம் பற்றிய பேச்சே இல்லை. வரைபடத்தில் சாலை அகலம் குறிக்கவில்லை என்ற ஒரு குறைதான் இருந்தது, அது உண்மையான குறை, இரண்டு நாளில் சரிசெய்தோம்.

கோபமாக எழுத வேண்டாம். யார் மீதும் குற்றம் சொல்ல வேண்டாம். கேள்வி ஒன்றே ஒன்று, விதி எது என்று. நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள், தர மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

7. இட ஆய்வு

ஆய்வுக்கு வரும்போது நீங்கள் அங்கே இருங்கள். எல்லைக் கற்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மணல் மூடியிருந்தால் முந்தின நாளே தோண்டி வையுங்கள், நம் மண்ணில் ஒரு காற்றுக்காலம் போதும் கல்லைக் காணாமல் செய்ய. வந்தவர் யார், என்ன பதவி, எதை அளந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே "இன்று ஆய்வு நடந்தது, இன்னின்ன அளவுகள் எடுக்கப்பட்டன" என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அறிக்கை பின்னால் வேறு மாதிரி வந்தால் இந்தக் கடிதம் பேசும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் கொடுத்திருந்தால் அதன் நகலைக் கேளுங்கள், பதில் சொல்ல வாய்ப்பும் கேளுங்கள். உங்களுக்கு எதிரான காகிதத்தை உங்களுக்குக் காட்டாமலே முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு விரோதம்.

8. பதிலே வராவிட்டால்

ஒரு மாதம் கடந்தால் நினைவூட்டல் கடிதம் ஒன்று. சும்மா இருந்துவிட்டார்கள், அனுமதி கிடைத்த மாதிரிதான் என்று யாராவது சொன்னால் கேட்டு அஸ்திவாரம் தோண்டிவிடாதீர்கள். அப்படித் தோண்டிய நாளிலிருந்து மனுதாரர் என்ற நிலை போய், அனுமதியின்றிக் கட்டியவர் ஆகிவிடுவீர்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, "என் மனு ஏன் தாமதம்?" என்று கேட்பது. அதற்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும். ஆவணங்களைக் கேளுங்கள்: என் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், ஆய்வு அறிக்கை நகல், கோப்பு எந்தத் தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது என்ற விவரம். கூடவே, கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த உள்ளாட்சியில் கடலோர மண்டலத்துக்குள் அனுமதித்த, மறுத்த வீட்டு மனுக்களின் சர்வே எண், மனுத் தேதி, முடிவுத் தேதி. பெயர்கள் கேட்காதீர்கள், அந்தரங்கத் தகவல் என்று மறுக்க வழி கொடுத்துவிடும். உங்கள் மனை மாதிரியே உள்ள இடத்துக்கு மூன்று வாரத்தில் அனுமதி தந்திருக்கிறார்களா என்பதை இந்தப் பட்டியல் காட்டிவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம், விண்ணப்ப எண்ணும் முந்தைய கடிதங்களின் நகல்களும் இணைத்துக் கொடுத்தால்தான் பலன். வெறும் மனு அதே அலுவலகத்துக்கே திரும்பி வரும்.

9. மறுத்துவிட்டால்

மறுப்பு எழுத்தில் வந்ததே ஒரு முன்னேற்றம்தான். அதில் காரணமும் விதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கப்படுபவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவே சொல்கிறது. "விதிகளின்படி இயலாது" என்று மட்டும் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிக் காரணம் கேளுங்கள். மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், நாள் கடந்துபோனால் நல்ல வழக்கும் வீண்.

காரணம் சரியானதா என்று நேர்மையாகப் பாருங்கள். 200 மீட்டருக்குள் புது வீடு என்று விதிப்படி மறுத்திருந்தால் அது அநியாயம் ஆகாது. "பக்கத்தில் ஒருத்தர் அனுமதியே இல்லாமல் கட்டியிருக்கிறார், எனக்கு மட்டும் ஏன்?" என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. சட்டவிரோதத்தில் சமத்துவம் கேட்க முடியாது என்பது நிலைபெற்ற நிலைப்பாடு. ஆனால் அதே தூரம், அதே வகை மனை, முறையாக அனுமதி பெற்றவர் ஒருவர் இருக்கிறார், உங்களுக்கு மட்டும் வேறு விதி என்றால் அது அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவுக்கே விரோதம். எட்டாவது படியில் வாங்கிய பட்டியல் இங்கேதான் உதவும்.

முறைகேடு என்று ஆதாரம் இருந்தால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் புகார் செய்யலாம். முடிவே எடுக்காமல் வைத்திருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுத் தாக்கல் செய்வது கடைசி வழி. வழக்கறிஞர் முதலில் கேட்பது தேதி போட்ட முத்திரைகளைத்தான்.

10. பணம் கேட்டால்

கட்டணம் எல்லாம் ரசீதோடு, இணையதளத்திலோ உள்ளாட்சிக் கணக்கிலோதான். ரசீது இல்லாத பணம் லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொன்னால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. கேட்டவுடனேயே, கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. இடைத்தரகர் "உள்ளே கொடுக்கணும்" என்று கேட்டாலும் இதே வழிதான்.

11. அனுமதி கையில் வந்த நாள்

சந்தோஷத்தில் மடித்து உள்ளே வைக்காமல் நிபந்தனைகளையும் காலாவதித் தேதியையும் படியுங்கள், உங்கள் மனுவில் இருந்த பரப்பும் உயரமும் ஆணையில் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் அந்த வாரமே திருத்தக் கேளுங்கள். வரைபடத்தின் ஒரு நகலைக் கொத்தனாரிடம் கொடுத்து, இடைவெளி விட வேண்டிய இடத்தில் அவர் கயிறு கட்டும்போது பக்கத்தில் நின்று டேப்பைப் பிடியுங்கள். பழைய வீட்டை அதற்கப்புறம் இடிக்கலாம்.